முதல் கைச் சேறு

என் ஓட்டோவில் ஏறாத சாமான் குறைவு. மீன் பெட்டி, சீமெந்துப் பை, பூசைக்குப் போகிற பெரியம்மாமார், ஒருமுறை குட்டி போடப்போகிற ஆடுகூட ஏறியிருக்கிறது. ஆனால் ஆற்றுச் சேற்றை இடுப்புயரக் குழாய்களுக்குள் அடைத்து, அவற்றை நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் கம்பஸிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஒரு மிஸ்ஸையும் இருத்தி, "அண்ணா, சரியவும் கூடாது, குலுங்கவும் கூடாது" என்ற கட்டளையோடு ஆற்றுவாயிலிருந்து முருங்கன் சந்திவரை கொண்டுபோனது அந்த வருசம்தான். எங்கள் பக்கத்து ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கட்டளையின் பாரம் விளங்கும். அங்கே பள்ளங்களுக்கு நடுவில் இடைக்கிடை ரோட்டு வரும்.

மனுசியின் பழைய சேலை இரண்டை எடுத்துக் குழாய்களைச் சீற்றோடு சேர்த்து வரிந்து கட்டினேன். மனுசி படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போகேக்க உந்தக் கவனம் இல்லையே. சேத்துக்குச் சேலை, எனக்குக் குலுக்கல்."

"உன்னையும் மெதுவாத்தானே கொண்டுபோறனான்."

"ஓம் ஓம். மெதுவாப் போய் எல்லாப் பள்ளத்துக்கயும் இறங்கி ஏறுறனீங்கள், ஒண்டையும் விடாமல்."

அவள் அப்போது மூன்று மாதம். கலியாணம் கட்டி நெடுங்காலம் காத்திருந்து, கேட்கிறவர்களும் கேட்டுக் களைத்து விட்டுவிட்ட பிறகு வந்த பிள்ளை. அதனால்தான் இந்தக் கதையே. வேறு வருசமென்றால் சேறு சேறாகவே போயிருக்கும்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, அது என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் பயப்படுகிறதுக்குப் படிப்புத் தேவையில்லை. மழை இருண்டால் பிளக் எல்லாவற்றையும் கழற்றுவேன். நாய் இரண்டு தரம் இருமினால் எனக்குச் சோறு இறங்காது. "இந்த மனுசனுக்குப் பயப்படுறதுதான் வேலை, ஓட்டோ ஓடுறது பொழுதுபோக்கு" என்று மனுசி கிளினிக்கில் மற்றப் பெண்களுக்குச் சொல்லுவாளாம். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதுதான் எனக்குத் தெரியவரும்.

மிஸ் எங்கள் வளவுக்கு முதல்முறை வந்தது வள்ளம் கேட்டு. ஆற்றுவாயில் கண்டல் மரங்களுக்குள் நுழையிற ஒரு ஓடை இருக்கிறது. தண்ணீர் ஓடாமல் தங்கிற இடம். அதற்குள் போக வள்ளம் வேண்டும், ஓடை தெரிந்த ஆளும் வேண்டும். அந்த ஆள் என் மச்சான், மனுசியின் தமையன். நண்டும் றாலும் பிடித்துச் சீவிக்கிறவன். சின்ன வயதிலிருந்து எனக்குக் கூட்டாளி. தங்கச்சியை எனக்குக் கட்டித்தந்ததை இன்றுவரைக்கும் தான் எனக்குச் செய்த உதவியென்று அவனும், அவனுக்கு நான் செய்த உதவியென்று நானும் சொல்லிக்கொள்கிறோம்.

மச்சான் வரும்வரை மிஸ் முற்றத்தில் நின்று தேத்தண்ணி குடித்தார். முருங்கனுக்கு அங்காலே ஒரு வயல் ஊர்ப் பிள்ளை. தகப்பன் இதே ஆற்றுத் தண்ணீரில்தான் நெல்லு விதைக்கிறவராம். அதைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது. மேலே குடிக்கிறவர்களும் கீழே குடிக்கிறவர்களும் ஒரு கிணற்றுக்காரர்தானே. மிஸ் கோப்பையோடு எங்கள் உடுப்புக் கொடி கட்டியிருந்த தடியில் சாய்ந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

"அந்தத் தடியை நல்லாப் பாருங்கோ மிஸ். எவ்வளவு காலமா நிக்குது. கறையான் கிட்டவும் வராது."

மிஸ் நிமிர்ந்தார். தடியைப் பார்த்தார். நிலத்தோடு ஒட்டின இடத்தில் நகத்தால் சுரண்டினார். உள்ளே மங்கலான பச்சை நிறம்.

"இது எங்க எடுத்தது அண்ணா?"

"மாமா வேலை செய்த இடத்தில. மருந்துக் கொட்டில் எண்டு சொல்லுவம்."

மிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். தான் தேடிவந்ததே அந்தக் கொட்டிலைத்தான் என்றார்.

மருந்துக் கொட்டில் ஆற்றங்கரையில் கொஞ்சம் மேலே இருந்தது. சண்டைக்கு முந்தின காலம். லைட் கம்பத்துக்கும் ரயில் பாதைக்குமான மரங்களைக் கறையான் தின்னாமல் மருந்தில் ஊறவைக்கிற இடம். பெரிய தொட்டிகள். என் மாமா, மனுசியின் தகப்பன், அங்கே மரம் புரட்டினவர். பின்னேரம் பச்சைக் கையோடு வருவாராம். ஊறின தொட்டியைக் கழுவின தண்ணீர் வாய்க்காலால் ஆற்றுக்கு. அது அந்தக் காலத்தில் யாருக்கும் ஒரு கதையாகப் படவில்லை. பிறகு சண்டை வந்தது, கொட்டில் பூட்டுப்பட்டது, ஆமி இருந்தது, ஆமியும் போனது. இப்போது தொட்டிக்குள் ஆடுகள் நிழலுக்குப் படுக்கும்.

"அந்த மருந்தில செம்பு இருக்கும், குரோமியம் இருக்கும், ஆர்சனிக் இருக்கும்" என்றார் மிஸ். நான் முழித்ததைப் பார்த்து, "ஆர்சனிக் எண்டா பாஷாணம் அண்ணா" என்றார். மற்ற இரண்டையும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை.

நான் கொடியைப் பார்த்தேன். மனுசியின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்குப் பின்னால் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்ன செய்யப்போறீங்கள்?" என்றாள் மனுசி.

"கிண்டி எடுத்து எரிக்கப்போறன்."

"ஐயோ அண்ணா, எரிக்காதீங்கோ!" மிஸ் கிட்டத்தட்டக் கத்தினார். "எரிச்சாத்தான் கூடாது. புகையும் சாம்பலும்தான் மோசம். நிக்கிறபடி நிக்கட்டும். தொட்டால் கையைக் கழுவினாச் சரி. பிறகு நான் ஒரு வழி சொல்றன்."

நிக்கிறபடி நிக்கட்டும் என்றால் எனக்கு நித்திரை வருமா? உரப்பை இரண்டை வெட்டித் தடியைச் சுற்றி நைலோன் கயிற்றால் கட்டினேன். மச்சான் வந்து பார்த்தான்.

"என்னடா மச்சான் இது?"

"தடிக்குச் சட்டை போட்டிருக்கிறார்" என்றாள் மனுசி. "பெருநாளுக்கு."

மிஸ் செய்யப்போகிற வேலையை எங்களுக்குச் சொன்னவிதம் நல்லாக இருந்தது. ஒவ்வொரு மாரிக்கும் வெள்ளம் ஒரு படை சேற்றைக் கொண்டுவந்து அந்த ஓடையில் போடும். போன மாரிச் சேறு மேலே, அதற்கு முந்தினது அதற்குக் கீழே. அலுமாரிக்குள் மடித்து அடுக்கின உடுப்பு மாதிரி, கடைசியாக மடித்தது மேலே கிடக்கும். குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுத்தால் அந்த அடுக்கு அப்படியே குழாய்க்குள் வரும். ஒவ்வொரு படையாக வெட்டிப் பார்த்தால் கொட்டில் எப்போது தொடங்கினது, எவ்வளவு நஞ்சை விட்டது, இப்போது அது என்ன நிலைமை என்று சொல்லலாம்.

"அப்ப அடியில கிடக்கிறது என்ர கலியாணச் சேலை" என்றாள் மனுசி.

"ஓம் அக்கா. அதைத்தான் தேடுறன்."

என் தலைக்குள் வேறு ஒரு அலுமாரி திறந்துவிட்டது. மனுசிக்கு ஆற்று நண்டென்றால் உயிர். மசக்கையில் மற்ற எல்லாம் வெறுத்து, நண்டு மட்டும் வெறுக்கவில்லை. மச்சான் கிழமைக்கு இரண்டு தரமாவது தங்கச்சிக்கென்று நண்டு கொண்டுவருவான், காலைக் கண்டல் நாரால் கட்டி. அந்த நண்டு எங்கே இருக்கிறது? அதே ஓடைச் சேற்றுக்குள். சேற்றைத் தின்று, சேற்றில் தூங்கி. அதை இவள் தின்றால், இவளுக்குள் இருக்கிறது எதைத் தின்னும்?

மிஸ்ஸிடம் தனியாகக் கேட்டேன். "நண்டு சாப்பிடலாமோ மிஸ்?"

"தெரியாது அண்ணா" என்றார். "அதைத்தான் பாக்கப்போறன். கொஞ்சம் பொறுத்தா நல்லது."

தெரியாது என்பதைப்போல ஒரு மோசமான பதில் என்னைப்போன்றவனுக்குக் கிடையாது. கூடாது என்றால் நிம்மதியாகப் பயப்படலாம்.

அப்போது தவக்காலம். அது எனக்கு ஒரு தோது. "தவக்காலமப்பா, நண்டை நேர்த்தியா நினைச்சு விட்டிடு" என்றேன்.

"நண்டு எப்ப இறைச்சியானது? பாதருக்கே தெரியாத சட்டம்."

"ஆசையை ஒடுக்கிறதுதானே தவம்."

"நீங்கள் பயத்தை ஒடுக்குங்கோ, நான் ஆசையை ஒடுக்கிறன். ஆர் முதல் தோக்கிறதெண்டு பாப்பம்."

உண்மையை அன்றே சொல்லிவிட்டேன். எனக்கு ஒளிக்கத் தெரியாது, முகமே சொல்லிவிடும். அவள் வயிற்றைத் தடவினாள். பிறகு, "சரி. அந்தப் பிள்ளை சொல்லட்டும், அதுவரைக்கும் நான் தின்னேல்ல" என்றாள். அவள் விளையாட்டை விட்டுப் பேசினால் எனக்கு இன்னும் பயம். அதன்பிறகு மச்சான் கொண்டுவருகிற நண்டையெல்லாம் நான் பக்கத்து வளவுக்குக் கொடுக்கவும் மனமில்லாமல் - அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறதே - திரும்பவும் கொண்டுபோய் ஆற்றில் விட்டேன். "நான் பிடிக்கிறன், இவன் விடுறான். நல்ல தொழில்" என்றான் மச்சான். "ஒரே நண்டைத்தான் நான் திருப்பித் திருப்பிப் பிடிக்கிறன் போல. இப்ப அது என்னைக் கண்டால் காலை நீட்டுது, கட்டச் சொல்லி."

மச்சானுக்கு நஞ்சுக் கதையில் நம்பிக்கை இல்லை. "அப்பா பச்சைக் கையால சோறு திண்டவர். கிழவனாத்தான் செத்தவர்" என்பான். ஆனால் தங்கச்சிக்குப் பிள்ளை என்பதால் வள்ளத்தைத் தந்தான்.

குழாய் இறக்கின அந்தக் காலை எனக்கு அச்சொட்டாக ஞாபகம். மிஸ்ஸும் நானும் முழங்கால் சேற்றில். குழாய் கை நுழையிற பருமன். மிஸ் பலகையை வைக்க, நான் கட்டையால் அடித்து இறக்குவேன். பிறகு இறுக்கி மூடி, இருவருமாக அசைத்து அசைத்து இழுப்போம். சேறு முத்தம் கொடுத்த மாதிரிச் சத்தம் போட்டு விடும். அடியை மூடி, குழாயை நிமிர்த்தியபடி வள்ளத்தில் நிற்கிற மச்சானிடம் நான் கொடுப்பேன். அவன் மேல் மூடியைக் கழற்றி, மேலே தேங்கின தண்ணீரை வடித்து, திரும்ப மூடி, டேப் சுற்றி அடுக்குவான். மிஸ் அதற்குள் அடுத்த இடத்துக்குக் குனிந்திருப்பார்.

மாமாவின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றிலிருந்து எது எடுத்தாலும் முதல் கை ஆற்றுக்கு. முதல் நண்டு, முதல் பிடி றால், மட்டி கிண்டினால் முதல் கை மட்டி. சிலுவை போட்டுக்கொண்டு திருப்பி விடுவார்கள். "வாங்கினவன் கொஞ்சம் குடுத்திட்டுத்தான் எழும்பவேணும்" என்று மாமா சொல்லுவாராம். மச்சான் அதை விட்டதே இல்லை. போத்தல் திறந்தால்கூட முதல் சொட்டு நிலத்துக்குப் போகும். அதன்பிறகு மற்ற எல்லாம் அவனுக்கு.

அன்றும் அப்படித்தான். ஒவ்வொரு குழாய்க்கும் தண்ணீரை வடித்துவிட்டு, கையை உள்ளே விட்டு, மேலே கிடந்த பால் மாதிரித் தளர்ந்த சேற்றில் ஒரு கை அள்ளி, சிலுவை போட்டு, ஆற்றில் கரைத்தான். பிறகுதான் மூடி. நான் கீழே நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நானும் அவனோடு சேர்ந்து சிலுவை போட்டுக்கொண்டேன். அந்த வள்ளத்தில் ஏறின எவனும் அப்படித்தான் செய்வான்.

பெருநாள் வந்து போனது. மிஸ்ஸின் பதில் வரவில்லை. மனுசியின் வயிறு தெரியத் தொடங்கியது. பிள்ளை துடிக்கிறதென்று என் கையைப் பிடித்து வைப்பாள். நான் வைத்தால் அது அடங்கிவிடும். "உங்கட கை நடுங்குது, பிள்ளை யாரோ கதவு தட்டுறாங்கள் எண்டு பயந்து ஒளிக்குது" என்பாள். நண்டைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டில் நண்டுக் குழம்பு கொதித்த மணம் வந்தபோது வேலியோரமாகக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு இருந்துவிட்டாள். "மணம் குடிக்கலாம்தானே? அதுக்கும் மிஸ்ஸைக் கேக்கவேணுமோ?"

மிஸ்ஸின் ஃபோன் வந்தபோது நான் முருங்கன் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நடுப்படையில நல்லாக் கிடக்கு. கொட்டில் நடந்த காலத்துச் சேறு. நான் நினைச்சதைவிடக் கூட. அதுக்கு மேல குறைஞ்சுகொண்டு வருது."

"அப்ப இப்ப? இப்ப எப்பிடி மிஸ்?"

"அதுதான் பிரச்சினை. சேத்துக்க ஒரு சாமான் இருக்கு, வருசம் போகப்போகக் குறையும். அதை வைச்சுப் படையின்ர வயசைச் சொல்லலாம். என்ர குழாய்களில உச்சிச் சேறே சண்டை முடிஞ்சு சனம் ஊருக்குத் திரும்பின காலத்துச் சேறு மாதிரிக் காட்டுது. அதுக்குப் பிறகு வந்தது ஒண்டும் இல்லை. ஒரு குழாயில எண்டாலும் பரவாயில்லை, எல்லாத்திலயும் ஒரே மாதிரி. வெள்ளம் அரிச்சிருக்கும் எண்டாலும் இவ்வளவு ஒழுங்கா அரிக்காது."

"எவ்வளவு குறையுது?"

"நாலு விரல்கிடை வரும்."

நான் ஓட்டோவின் சீற்றில் இருந்துவிட்டேன். நாலு விரல்கிடை. எனக்கு அந்த விரல்களையே தெரியும். ஒன்றில் நண்டு கடித்த தழும்பும் இருக்கும்.

"ஒரு கை" என்றேன்.

"என்ன அண்ணா?"

சொன்னேன். மச்சானின் முதல் கை, சிலுவை, ஆற்றில் கரைத்தது எல்லாம். இனி ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரா என்று பதறிப்போனேன். சிரிக்கிறார். "அப்ப ஆறு தனக்குத் தேவையானதை வாங்கிப்போட்டுது" என்றார். கடைசியில் பெருமூச்சுவிட்டு, "நான் திரும்பி வரவேணும் அண்ணா. மேல் படை இல்லாட்டி அக்காவுக்கு நான் பதில் சொல்ல ஏலாது" என்றார்.

மச்சானிடம் சொல்லப் போனேன். அவன் வலையிலிருந்து பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். சொல்லி முடிய, அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப என்ர தங்கச்சிக்குத் தேவையான சேற்றைத்தான் நான் கொட்டினனான்."

"நீ தெரிஞ்சு செய்யேல்லத்தானே."

"தெரியாமச் செய்தாலும் கொட்டினது கொட்டினதுதான்." திரும்பவும் பாசியைப் பிடுங்கிக்கொண்டு, "மச்சான், இந்தமுறை நீ வேற வள்ளம் பிடி" என்றான்.

"ஏன்டா?"

"குடுக்காம எடுக்க என்னால ஏலாது. நான் அந்த ஆத்துக்க விழுந்து எழும்பித்தான் வளந்தனான். அப்பா ஒருநாளும் குடுக்காம எடுத்ததில்லை."

"ஓடைக்கு வெளியில ஒரு கை சேறு அள்ளிக் குடு. பிறகு குழாயை இறக்குவம்."

"அது எடுத்ததில குடுக்கிறதில்லை. அது கள்ளக் கை." அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "ஆத்தை ஏமாத்திற ஆள் நானில்லை."

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவனுக்கும் ஆற்றுக்கும் நடுவில் என் பிள்ளை நிற்கிற மாதிரி. வேறு வள்ளம் பிடிக்கலாம், ஆனால் மச்சானில்லாமல் அந்த ஓடைக்குள் போக எனக்கு மனமில்லை. சில நாள் அவன் எங்கள் வளவுக்கு வரவில்லை. நண்டு மட்டும் வந்தது, ஒரு வாளிக்குள், படலையில் வைத்துவிட்டுப் போயிருப்பான்.

மிஸ் வருகிற காலையும் வந்தது. சோளகம் தொடங்கிவிட்டது, காற்று மணலை அள்ளிச் சுவரில் எறிந்துகொண்டிருந்தது. மச்சான் அன்றைக்கும் வாளியை வைக்க வந்தான். படலையில் மனுசி நின்றாள். ஓட்டோவைத் துடைக்கிற சாட்டில் நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"அண்ணா, வாளிக்க என்ன?"

"நண்டு. ரெண்டு. உன்ர பங்கு."

"நான் தின்னாமல் இருக்கிறன் எண்டு தெரியும்தானே. பிறகென்னத்துக்குக் கொண்டுவாறாய்?"

"கொண்டுவராமல் இருக்க ஏலேல்ல."

"ஆத்தில எடுத்ததுதானே இது?"

"பின்னை ஆகாயத்திலயே?"

"அப்ப இதைத் திருப்பிக் குடு. எடுத்ததில குடுக்கிறதுதான். முதல் கை நான் தாறன், என்ர பங்கில. நீ சேத்தில கையை வைக்காதை."

மச்சான் வாளியைப் பார்த்தான். "அப்பா..."

"அப்பா கேட்டால் என்னைக் கேக்கச் சொல்லு. அவருக்கு என்னில பட்சம்தானே, உன்னைவிட."

அவன் சிரித்துவிட்டான். அது அவர்களுக்குள் சின்ன வயதிலிருந்து ஓடுகிற சண்டை. வாளியைத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு நடந்தான். நான் பின்னால் ஓடினேன், பலகை, கட்டை, டேப் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு.

வாளியைக் கண்டதும் மிஸ்ஸின் கண் விரிந்தது. "நண்டு! நல்லதாப்போச்சு. நண்டின்ர தசையையும் பாக்கவேணும். இந்த ஓடையில பிடிச்சதோ?"

மச்சான் வாளியை நெஞ்சோடு பிடித்தான். "மிஸ், இது ஆத்துக்கு."

பிறகு ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. சோளகக் காற்றில் வள்ளம் ஆட, இரண்டு நண்டுக்கு மூன்று பேர். கடைசியில் ஒன்று ஆற்றுக்கு, ஒன்று மிஸ்ஸின் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்கு என்று முடிவானது. மச்சான் பெரியதைத் தெரிந்து, நாரை அவிழ்த்து, சிலுவை போட்டு, தண்ணீரில் விட்டான். அது கொஞ்ச நேரம் வள்ளத்தின் பக்கமாகவே நின்றது. "போவன்" என்றான். "வழமையா இவன்தான் உன்னை விடுறவன், இண்டைக்கு நான்." அது பக்கவாட்டில் நடந்து சேற்றுக்குள் மறைந்தது.

அன்று குழாய்களை மச்சான் வாங்கினபோது அவன் கை தானாகவே மேல் மூடிக்குப் போவதைக் கண்டேன். ஒவ்வொரு முறையும் போய், நின்று, திரும்பி டேப்பை எடுத்தது. மேல்சேறு கலங்காமல் இருக்க, தண்ணீரைக்கூட வடிக்கவேண்டாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் வள்ளத்தில் நின்றது, ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கின ஞானத்தகப்பன் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து மனுசியிடம் கணக்குச் சொன்னோம்.

"ஒண்டு ஆத்துக்கு, ஒண்டு லாப்புக்கு" என்றாள். "எனக்கு வாளி."

அதன்பிறகு காத்திருந்த காலத்தைப் பற்றி என்னத்தைச் சொல்ல. ஃபோனை நான் பயத்தில் பார்க்காமல் இருப்பேன், பிறகு பார்க்கவில்லையே என்று பயப்படுவேன். பிள்ளை பிறந்தபிறகு பதில் வந்தால் என்ன பிரயோசனம்? பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியத்தில் நண்டு கிடையாது. பிறகு பால் கொடுக்கிற காலம். இப்படியே அவள் நண்டில்லாமல் கிழவியாகிவிடுவாளோ என்றும் யோசித்தேன். அவள் சின்ன வயதில், மாமா பச்சைக் கையோடு வந்த காலத்தில், அந்த ஆற்றிலேயே நீந்தி அந்த நண்டையே தின்று வளர்ந்தவள் என்பதையும் யோசித்தேன். அதை மட்டும் வெளியில் சொல்லவில்லை. அவளே ஒருநாள் சொன்னாள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு: "என்னட்டை இருக்கிறது இருக்கட்டும். அது என்ர அப்பாவின்ர கை. பிள்ளைக்குத்தான் வேண்டாம்."

எட்டாம் மாதக் கிளினிக்குக்குப் போய்த் திரும்புகிறோம். மிட்வைப் எல்லாம் சரியென்று சொல்லியிருந்தார். முருங்கன் தாண்டி, வயல்வெளி ரோட்டில், ஃபோன் அடித்தது. மிஸ்ஸின் பெயர். ஓட்டோவை ஓரம்கட்டினேன். கை எடுக்கமாட்டேனென்றது.

"தாங்கோ இஞ்ச" என்று பின்னாலிருந்து மனுசி பறித்தாள்.

கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஓம் பிள்ளை" என்றாள். "ம்... ம்..." கனநேரம் கேட்டாள். முகத்தில் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. அவளுக்கு அந்த முகமும் வருமென்று எனக்கு அதுவரை தெரியாது. "நடுவில எண்டால் எவ்வளவு ஆழத்தில? ஓ... கிண்டப்படாது. ஓம். இவரிட்டச் சொல்லிறன், இவர் ஊர் முழுக்கச் சொல்லுவார். நீங்கள் சாப்பிட்டீங்களோ? சரி பிள்ளை."

ஃபோனை வைத்தாள். நான் திரும்பவில்லை.

"இஞ்சருங்கோ."

"ம்."

"அண்ணன் வீட்டுப் பக்கம் திருப்புங்கோ வண்டியை."

எனக்கு ஸ்ரார்ட் பண்ண இரண்டு மூன்று தரம் எடுத்தது. போகிற வழியில் அவள் காற்றுக்கு மேலாகக் கத்திக் கத்திச் சொன்னாள். மேல் படைச் சேற்றில் நஞ்சு, கொட்டில் வருகிறதுக்கு முந்தின அடிச்சேற்றின் அளவுக்குக் கிட்டவாகக் குறைந்துவிட்டதாம். நண்டின் தசையும் பரவாயில்லை. அளவோடு சாப்பிடலாம், ஒவ்வொரு நாளும் வேண்டாம். நஞ்சு நடுவில்தான் இருக்கிறது, நல்ல சேறு மேலே மூடிக் கிடக்கிறது, மடிச்சு வைச்ச உடுப்பு மாதிரி. அதைக் கலைக்காமல் விட்டால் அது தன்பாட்டில் கிடக்கும். ஓடைக்குள் யாரும் றால் பண்ணைக்கென்று கிண்ட வந்தால் உடனே தனக்குச் சொல்லவேண்டுமாம்.

"கிண்ட வந்தால்?" என்றேன். எனக்குப் புதிதாக ஒரு பயம் கிடைத்தது.

"ஓம், அதை வைச்சிருங்கோ. பழசைத் தாங்கோ, நான் தின்னப்போறன்."

மச்சான் எங்களைக் கண்டதும், அவள் முகத்தைப் பார்த்ததும், விளங்கிக்கொண்டான். வாளியை எடுத்துக்கொண்டு வள்ளத்துக்கு ஓடினான். அடுப்படியில் அவன் மனுசி தேங்காய் துருவுகிற சத்தம் உடனே கேட்டது. அவன் திரும்பி வந்தபோது வாளிக்குள் மூன்று நண்டு. "நாலு அகப்பட்டது" என்றான், "முதலாவது வழமையான ஆள். விட்டிட்டன்."

நான் முதலில் ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்றேன். பரீட்சைக்கு. மனுசி நண்டுக் கோப்பையை என் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள்.

"மிஸ் பாத்திட்டா. லாப் பாத்திட்டுது. இனி நீங்கள் பாக்க என்ன கிடக்கு?"

அவள் நிலத்தில் கால் நீட்டி இருந்து, வயிற்றுக்கு மேலே கோப்பையை வைத்து, நண்டின் பெரிய கடுக்காலைப் பல்லால் உடைத்து உறிஞ்சினாள். முழங்கை வரைக்கும் குழம்பு வழிந்தது. கதைக்கவே இல்லை. மச்சானும் நானும் வாசற்படியில் இருந்து, தேவாலயத்தில் மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருதரம் நிறுத்தி, ஒரு கையை வயிற்றில் வைத்தாள். எனக்கு உயிர் போனது.

"என்னப்பா? என்ன செய்யுது?"

"உதைக்குது" என்றாள், வாய் நிறைய. "இன்னும் கேக்குது."

மூன்று நண்டிலும் எங்களுக்கு ஒரு காலும் மிஞ்சவில்லை. மச்சான் வெறும் கோதுகளையெல்லாம் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனான். நான் கையைக் கழுவி வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து, உள்ளங்கையை அவள் வயிற்றில் வைத்தேன். அந்தமுறை பிள்ளை ஒளிக்கவில்லை.